வெட்டி ஒட்டிய டிக்கெட்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். என் மனைவி சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும்.

மதுரையில் மச்சினன் புது வீடு கட்டிக் குடிபோனான். சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அன்றைக்கு நேர் விமானத்தின் விலை எனக்குப் பிடிக்கவில்லை. இருபது வருஷமாக ஊராருக்கு விலை குறைத்துக் கொடுத்துப் பழகிய கை, தனக்கென்று வரும்போது சும்மா இருக்குமா? தேடித் தேடி ஒன்றைப் பிடித்தேன். முதலில் ஹைதராபாத். அங்கே ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்து, மதுரைக்கு வேறொரு விமானம். என் மனைவி அதைப் பார்த்தாள். "நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு எழும்பூரில் பகல் ரயில் ஏறிவிட்டாள். நான் மதுரை போய்ச் சேர்ந்தபோது அவள் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, வாசலில் மற்றப் பெண்களோடு பூக்கட்டிக்கொண்டிருந்தாள். "அமெரிக்காவுலேர்ந்து வர்றாரு, வழி விடுங்க" என்றாள். நான் மிச்சம் பிடித்த காசு ஹைதராபாத் விமான நிலையத்தில் ஒரு தோசைக்கும் இரண்டு காபிக்கும் சரியாகப் போயிருந்தது.

இப்படிப்பட்டவனிடம்தான் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் ஜனங்கள் அமெரிக்கா போக டிக்கெட் எடுத்தார்கள். நம்பித்தான் எடுத்தார்கள். இப்போது கவுண்டரில் உட்கார வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் டிராவல் ஏஜெண்டுகள் சங்கத்தில் கேட்டபோது, என் திறமைகளைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. மிச்சத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. கீழேயும் தள்ளுபடி, மேலேயும் தள்ளுபடி. புடவை எடுக்க வந்தவர்கள் வழி தவறி மாடியேறி வந்து, சிங்கப்பூர் போய் வந்த கதையும் உண்டு. ஆபீசில் என் பெயர் அட்லாண்டிக் சார். நான் அந்தக் கடலைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த கடல் காசிமேட்டில் ஆரம்பித்து எண்ணூரில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பெரிய கடலை யார் எந்த விமானத்தில் எந்த நாளில் மலிவாகத் தாண்டலாம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே விமானங்கள் ஓடுவது, டோல்கேட்டுக்கும் பாரிமுனைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓடுவது மாதிரி. ஒருவனை ஒருவன் முந்துவான், விலையைக் குறைப்பான். நம்மூரிலிருந்து அமெரிக்காவரை ஒரே டிக்கெட்டாக எடுத்தால் அந்தப் போட்டியின் லாபம் நமக்கு வராது. ஆகவே நான் அதை வெட்டுவேன். சென்னையிலிருந்து லண்டன் வரைக்கும் ஒரு டிக்கெட். லண்டனிலிருந்து அந்தப் பக்கத்துக்கு, சோறு தண்ணீர் கொடுக்காத மலிவு விமானம் ஒன்றில் இன்னொரு டிக்கெட். இரண்டையும் ஒட்டி ஒரே கவரில் போட்டுக் கொடுப்பேன். வாங்குகிறவருக்கு அது ஒரே பயணம். விமானக் கம்பெனிகளுக்கு அவர் இரண்டு வேறு வேறு மனிதர். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி காத்திருக்காது, வேறு சீட்டும் தராது. நீ யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடும். இதை நான் வாடிக்கையாளரிடம் சொல்வதுண்டு. எப்படிச் சொல்வேன் என்றால், பீடிக்கட்டின் மேல் புகைபிடிக்காதே என்று போட்டிருக்குமே, அப்படிச் சொல்வேன்.

இதற்கு மேல் எனக்கென்று சொந்தமாகச் சில தத்துவங்களும் இருந்தன. ராகு காலத்தில் கிளம்பும் விமானத்துக்கு நம்மூரில் ஆள் சேராது, ஆகவே விலை குறையும் என்று பல வருஷம் நம்பியிருந்தேன். விமானக் கம்பெனிக்கு ராகு காலம் தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

எங்கள் கவுண்டரில் மூன்றாவது நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். தொழிலில் எனக்கு யாராவது குரு உண்டா என்று கேட்டால் அவளைத்தான் காட்டுவேன். இப்போது திருவொற்றியூரில் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறாள். பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் சார், உங்க ஆளுன்னு தெரிஞ்சா எல்லாரும் வெட்டி ஒட்டச் சொல்வாங்க என்றுவிட்டாள். ஆகவே பெயர் இல்லை.

அவளுடைய வழக்கம் எனக்கு எரிச்சலாக இருக்கும். டிக்கெட் கேட்டு வருகிறவரிடம் நான் எவ்வளவுக்குள் என்று கேட்பேன். அவள் எப்போது போய்ச் சேரவேண்டும் என்று கேட்பாள். அதோடு விடமாட்டாள். ஒரு நாள் லேட்டானா என்னாகும் என்றும் கேட்பாள். கல்யாணமா, பரீட்சையா, சும்மா ஊர்சுற்றலா என்று அதிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் திரையைத் தொடுவாள். அதற்குள் நான் இரண்டு பேரை லண்டனுக்கு அனுப்பியிருப்பேன். மாதக் கடைசியில் என் கணக்கு அவளுடையதைவிட எப்போதும் உயரமாக இருக்கும். அந்த உயரத்தில் நின்றுகொண்டுதான் அவளைப் பார்ப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏகாம்பரம் அண்ணன் மாடியேறி வந்தார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். ஓட்டுவது கடலில் என்றாலும் அங்கே அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். நான் மீன் வாங்கப் போகும்போதெல்லாம் பார்த்துப் பழக்கம். அவருடைய ஒரே பையன் இன்ஜினீயரிங் படித்து, அமெரிக்காவில் நியூஜெர்சியில் வேலையில் இருந்தான். பேத்தி பிறந்தபோது இவர் ஒருமுறை போய் வந்திருந்தார். அதனால் விசா கையில் இருந்தது. மனைவி அதற்கு முன்பே தவறிவிட்டிருந்தார். இவர் தனி ஆள்.

பையனுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கே கிளம்பவேண்டும், வியாழக்கிழமைக்குள் அங்கே இருக்கவேண்டும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். கடலில் இருக்கிறவர்கள் குரலை வீணாக்குவதில்லை. காய்ச்சல் கீய்ச்சலாக இருக்கும், அப்பாவைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். எவ்ளோக்குள்ள பாக்கலாம்ணா என்று என் கேள்வியைக் கேட்டேன். எவ்வளவு கம்மியோ அவ்வளவு என்றார்.

மறுநாள் கிளம்பும் டிக்கெட் என்றால் விலை யானை விலை. அதை நான் எப்படிக் கீழே இறக்குகிறேன் பார் என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் வெட்டி ஒட்டிவிட்டேன். புதன் ராத்திரி சென்னையில் ஏறி, வளைகுடாவில் மாறி, வியாழன் காலை ஏழு மணிக்கு லண்டன். அமெரிக்க விசா இருப்பதால் அங்கே வெளியே விடுவார்கள். இறங்கி, பஸ் பிடித்து, அதே ஊரின் இன்னொரு விமான நிலையத்துக்குப் போகவேண்டும். மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு மலிவு விமானம். அமெரிக்க நேரப்படி வியாழன் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் பையன் ஊர்ப் பக்கம் நெவார்க்கில் இறங்கிவிடலாம். ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன்.

அவர் படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, நேரா போவாதா இது?"

"நேரா போனா விலை ஜாஸ்திண்ணா. சுத்திகினு போனாத்தான் கம்மி."

"எங்க லாஞ்ச்சுல சுத்திகினு போனா டீசல் ஜாஸ்தி. உங்குளுது இன்னா உல்ட்டாவா கீது?"

நான் சிரித்தேன். அவரும் லேசாகச் சிரித்தார். அப்போதுதான் மூன்றாவது நாற்காலியிலிருந்து அவள் எழுந்து வந்தாள். இரண்டு டிக்கெட்டுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்பதை அவரிடம் நிதானமாகச் சொன்னாள். பிறகு அவளுடைய கேள்வியைக் கேட்டாள்.

"ஒரு நாள் லேட்டானா என்னாகும்ணா?"

ஏகாம்பரம் அண்ணன் அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. ஏதோ சொல்லப்போனார். அந்த இடத்தில் நான் புகுந்தேன்.

"லேட்டா? யார் போட்ட டிக்கெட்டு? பைலட்டே நம்மள கேட்டுட்டுதான் வண்டிய எடுப்பான்."

அந்தத் தமாஷுக்கு ஆபீசில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் துபாய் டிக்கெட்டுக்குக் காத்திருந்தவர்கூடச் சிரித்தார். ஏகாம்பரம் அண்ணன் திறந்த வாயை மூடிக்கொண்டார். செரி, போடு என்றார். போட்டேன்.

பிள்ளைகளே, நான் இந்தத் தொழிலில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். தேதி மாற்றிப் போட்டிருக்கிறேன். அப்பாவையும் மகனையும் வேறு வேறு விமானத்தில் ஏற்றியிருக்கிறேன். அதையெல்லாம் சரிசெய்துவிடலாம். ஒரு மனிதன் சொல்லவந்ததைத் தமாஷ் பண்ணித் திருப்பி உள்ளே அனுப்பிவிட்டால் அதைச் சரிசெய்ய ஒரு வழியும் கிடையாது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். டீ வந்திருந்தது. என் போனில் ஒரு வெளிநாட்டு நம்பர். எடுத்தால் இலங்கைத் தமிழில் ஒரு குரல்.

"ஐயா, நான் லண்டன் எயார்போட்டில இருந்து கதைக்கிறன். இஞ்ச வேலை செய்யிறனான். உங்கட ஊர் ஐயா ஒராள் என்னோட நிக்கிறார். பிளைட்ட விட்டிட்டார்."

வளைகுடாவிலிருந்து கிளம்பவேண்டிய விமானம் மூன்றரை மணி நேரம் தாமதம். காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. இறங்கி, வரிசையில் நின்று, பஸ் பிடித்து, அந்த இன்னொரு விமான நிலையத்துக்கு இவர் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடி அரை மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. மூடிய கவுண்டர் முன்னால் பையோடு நின்றிருக்கிறார். தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த இந்தத் தம்பி, சட்டைப்பையில் இருந்த என் கவரின் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்திருக்கிறான்.

ஏகாம்பரம் அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"தம்பி, கதவ மூடிட்டான்" என்றார். நான் கவலைப்படாதீங்கண்ணா, இதோ பாக்கறேன், நாளைக்குப் போனா பரவால்லையா என்று கேட்டேன். அதற்குள் போன் மறுபடியும் அந்தத் தம்பியின் கைக்குப் போயிருந்தது. அவன் கொஞ்சம் தள்ளி வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"ஐயா, உங்களுக்குத் தெரியாதோ? மகனுக்கு மூளையில ரத்தம் கசிஞ்சு போச்சுதாம். மெசின்லதான் மூச்சு ஓடுது. இனி எழும்ப மாட்டார் எண்டு சொல்லிட்டினம். இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும்தான் மெசின் வைச்சிருப்பினமாம். தகப்பன் வந்து பார்க்கட்டும் எண்டு மருமகள் கேட்டு வாங்கின நாள் இது." பிறகு இதையும் சொன்னான். "ஐயா அழேல்ல. ஆனா தண்ணியும் குடிக்கேல்ல."

மூன்றாவது நாற்காலிக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டே எழுந்துவிட்டாள். நான் சொல்லாமலே பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடத் தொடங்கினாள். நானும் தேடினேன். இரண்டு நிமிஷத்தில் எனக்குக் கிடைத்துவிட்டது. அதே விமான நிலையம், வேறொரு கம்பெனி, அங்கத்து நேரம் நாலரைக்குக் கிளம்பும் விமானம். ஒரே ஒரு சீட். அமெரிக்க நேரப்படி அன்று ராத்திரி ஏழரை மணிக்கு நியூயார்க். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். மருமகள் போன் பண்ணி ஆஸ்பத்திரியில் கெஞ்சினால் சாயங்காலத்துக்கு மேலே ஒரு மூன்று நாலு மணி நேரம் கொடுத்துவிடுவார்கள்.

அவர் பெயரையும் பாஸ்போர்ட் நம்பரையும் அடித்துவிட்டேன். கடைசிப் பொத்தானை அழுத்தவேண்டியதுதான் பாக்கி. அப்போது கண் விலையின் மேல் போனது. முந்தாநாள் நான் போட்ட டிக்கெட்டைப்போல நாலு மடங்கு.

இதைத்தான் உங்களிடம் சொல்லவேண்டும் என்று இத்தனை பக்கம் வளைத்து வளைத்து வந்திருக்கிறேன். எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் தெரியும். பையன் மெஷினில் இருப்பது தெரியும். அப்பன் தண்ணீர் குடிக்காமல் நிற்பது தெரியும். யார் பணம் என்ற யோசனைகூட அப்போது இல்லை. ஆனாலும் இந்தக் கை இன்னொரு ஜன்னலைத் திறந்தது. லண்டனில் வேறு விமான நிலையத்திலிருந்து ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தது. டப்ளின் வழியாக இருக்கிறதா என்று பார்த்தது. பாஸ்டனில் இறக்கிப் பஸ்சில் அனுப்பினால் எவ்வளவு ஆகும் என்று பார்த்தது. சொறியத் தொடங்கிய கைக்கு நிறுத்தத் தெரியாது பாருங்கள், அப்படி.

"சார், கெடச்சுதா?" என்றாள் அவள். கிடைத்தது என்றேன். என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"அத போடுங்க சார்."

"ஒரு நிமிஷம்மா. இன்னொண்ணு வருது."

"சார். போடுங்க."

இன்னொன்று வரவில்லை. பழைய ஜன்னலுக்குத் திரும்பி வந்து பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. இந்த இருக்கை இப்போது இல்லை என்று வந்தது. மறுபடி தேடினேன். மறுபடியும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அந்தக் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர் யாரோ, அவருக்கு நான் ஒரு அப்பனின் இடத்தைத் தள்ளிக் கொடுத்திருக்கிறேன் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

அவள் தன் நாற்காலிக்குப் போய், மறுநாள் மத்தியானத்து மலிவு விமானத்தில் ஒரு இடத்தை விலையைப் பார்க்காமலே பிடித்தாள். நான் போனை எடுத்தேன். இன்னிக்கு எதுலயும் சீட்டே இல்லண்ணா, நாளைக்கு மத்தியானம்தான் கெடச்சுது என்றேன். பொய். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். ஏகாம்பரம் அண்ணன் செரி என்றார்.

அடுத்து நியூஜெர்சிக்குப் போன் பண்ணவேண்டியிருந்தது. மருமகளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பின்னால் குழந்தை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அந்தக் குழந்தையின் குரல் மட்டும் கேட்டது.

"நாளைக்கு கன்ஃபார்மா வந்துருவாரா அங்கிள்? நான் அவங்ககிட்ட போய்ச் சொல்லணும்."

ஆஸ்பத்திரிக்காரர்களைச் சொன்னாள். இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று மறுபடியும் போய்க் கேட்கவேண்டும். என் புருஷனை இன்னும் ஒரு நாள் வைத்திருங்கள் என்று. வந்துவிடுவார் என்றேன். தேங்க்ஸ் அங்கிள் என்றாள். அந்தத் தேங்க்ஸை நான் எங்கே வைப்பேன்?

இலங்கைத் தம்பி அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். இவர் போகவில்லை. கவுண்டரை விட்டு நகர்ந்தால் மறுநாள் விமானமும் போய்விடும் என்று, கவுண்டர் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாராம். மறுநாள் காலை அவன் வேலைக்கு வரும்போது சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்திருக்கிறான். அவன் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் விமானம் கிளம்பியதும், அது எங்கே போகிறது என்று காட்டும் படத்தைத் திரையில் திறந்துவைத்தேன். அட்லாண்டிக் சார் அன்றைக்குத்தான் அட்லாண்டிக்கைப் பார்த்தார். நீல நிறமாக, ஒன்றுமே இல்லாமல், இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதன்மேல் ஒரு சின்ன மஞ்சள் விமானம் நகராமல் நின்றது. ஆபீஸ் மூடும்வரை அது நடுக்கடலிலேயே இருந்தது. துபாய், சிங்கப்பூர் என்று வந்தவர்களையெல்லாம் அவள்தான் கவனித்து அனுப்பினாள்.

மறுநாள் காலை மருமகளிடமிருந்து இரண்டு வரி வந்திருந்தது. மாமா வந்துவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டார்கள், மாமா பக்கத்தில் இருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஏகாம்பரம் அண்ணன் திரும்பி வந்தார். வந்த நாலாம் நாள் மாடியேறி ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய அமெரிக்க சாக்லேட். மருமவ குடுத்தனுப்பிச்சிது என்று மேஜையில் வைத்தார். அங்கே போய் வருகிறவர்கள் எல்லோரும் எங்களுக்குச் சாக்லேட் கொண்டுவருவது வழக்கம். அந்தப் பெண் அந்த நிலையிலும் வழக்கத்தை விடவில்லை. நான் என்ன கேட்டேன் தெரியுமா? எல்லாரிடமும் கேட்டுப் பழகிய வாய். "பயணம்லாம் சௌகரியமா இருந்துச்சாண்ணா?" என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. ம், இருந்திச்சி என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் வெட்டி ஒட்டுவதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு நல்ல பாடமாக இருக்கும். விடவில்லை. ஊர்சுற்றப் போகிறவனுக்கு, கையில் நாள் இருக்கிறவனுக்கு, இடையில் மாட்டிக்கொண்டாலும் சமாளிக்கத் தெரிந்தவனுக்கு இன்றைக்கும் அது நல்ல வழிதான். மலிவில் தப்பில்லை. மனிதன் எவ்வளவு செலவழிக்கலாம் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு இழக்கலாம் என்று கேட்கவில்லை. இப்போது உங்களிடம் டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் குறைவு, எல்லாம் அவரவர் போனிலேயே எடுத்துவிடுகிறார்கள். அப்படியும் ஒருவர் படியேறி வருகிறார் என்றால் போனிடம் சொல்ல முடியாத ஒன்றை வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாய் திறக்கும்வரை தமாஷ் பண்ணாதீர்கள். இதை நான் சொல்வதுதான் பெரிய தமாஷ்.

இன்னொன்று. எல்லாம் உடைந்துபோன நேரத்தில், நல்ல நாளில் எதில் கெட்டிக்காரனோ அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் முதலில் கையை நீட்டும். அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து யாராவது போடுங்கள் என்று சொன்னால், போட்டுவிடுங்கள். பிறகு யோசிக்கலாம்.

அந்த ஒரு சீட்டைப் பற்றி மூன்றாவது நாற்காலிக்காரி யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காசிமேட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். அங்கே மீன் இப்போதெல்லாம் நன்றாக இல்லை என்று வீட்டில் சொன்னேன். மீனுக்கு என்ன வந்துச்சு, உங்களுக்குத்தான் என்னவோ ஆயிடுச்சு என்று மனைவி சொன்னாள். ஆறு வருஷம் திருவொற்றியூர் மார்க்கெட்டில் வாங்கிச் சாப்பிட்டோம். ஏகாம்பரம் அண்ணன் மருமகள் பேத்தியோடு அமெரிக்காவிலேயே இருந்துவிட்டாள் என்றும், மாதம் ஒருமுறை பேத்தி போனில் பேசுகிறது என்றும் யாரோ சொல்லக் கேட்டேன்.

போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். சால்வை போட்டு, ஊரையே அட்லாண்டிக்கைத் தாண்டவைத்த மனிதர் என்று பேசினார்கள். என்னால் உட்கார முடியவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். பெயிண்ட் வாடை. ஏகாம்பரம் அண்ணன் ஒரு படகின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, பழைய பெயிண்டைத் தகடு வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"இன்னா தம்பி, ஆளே காணோம்" என்றார். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பெட்டியைக் காலால் தள்ளி, குந்து என்றார்.

உட்கார்ந்தேன். ஒரு தமாஷும் வாயில் வரவில்லை. நேராகச் சொன்னேன். அன்றைக்குச் சீட்டே இல்லை என்று சொன்னது பொய் என்றேன். ஒரு சீட் இருந்தது, அவர் பெயர்கூட அடித்துவிட்டேன், விலையைப் பார்த்துவிட்டு இன்னும் மலிவாகத் தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் போய்விட்டது என்றேன். பன்னிரண்டு நிமிஷம் என்றேன். ஒரு ராத்திரி முழுக்க அவரை அங்கே உட்கார வைத்ததும், மருமகளை மறுபடியும் ஆஸ்பத்திரியில் கெஞ்ச வைத்ததும் என் கைதான் என்றேன்.

சுரண்டுவதை அவர் நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தகடு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பச்சைப் பொருக்கு அவர் காலடியில் உதிர்ந்தது. பிறகு கை நின்றது.

"அத்த போட்ருந்தா நா எப்ப போயிருப்பேன்?"

"வியாழக்கிழமையேண்ணா. ராத்திரிக்குள்ள."

"போன ஒடனே நிறுத்தியிருப்பாங்கோ."

"ஆமாண்ணா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். தகட்டால் இரண்டு போடு போட்டாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தேன். அவர் படகைப் பார்த்தபடியே இருந்தார். விரலை மடக்கி ஏதோ ஒருமுறை எண்ணினார்.

"அப்போ அவனுக்கு ஒரு நாளு ஜாஸ்தி கெடச்சிக்கீது."